ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

ஊன்றுகோல் என்பது உடல் எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றிவிடும் துணை. வலது முழங்கால் வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை ஊன்றும்போது இடது கால் அந்தரத்தில் இருக்கும்; இடுப்பு அந்தப் பக்கம் சரியப் பார்க்கும். கீல் தளர்ந்த கேட் தொங்கினால் கீலுக்கு அடியிலா கல் வைப்போம்? தொங்கும் முனையில்தானே!

கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு ரேகைக்கு நேராகப் பிடி வர வேண்டும்.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் ஜூன், ஜூலைச் சாரலில் சிவப்புச் சிமெண்ட் தரை ஈரம் பட்டு வழுக்கும். கோலின் அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். என்னைக் கேட்டால், கோலைவிட அதுதான் முக்கியம்.

கோல் பிடித்தால் கால் பலம் போய்விடும் என்று பெரியவர்கள் மறுப்பார்கள்; விழப் பயந்து உட்கார்ந்தே இருந்தால்தான் பலம் போகும்.