நண்பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும்: இந்திய மின்சந்தை பற்றிக் கேள்வி பதில்

சோமனூரில் தறி ஓட்டுறோம் சார். மின்சாரம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் ஒரே நாளில் கரண்ட் ரெண்டு ரூபாய்க்கும் போகுது, பத்து ரூபாய்க்கும் போகுதுங்கிறாங்க. எப்படி?

இரண்டும் நடக்கிறது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளே தனி ஏலம் விடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: மாலை ஐந்து மணித் துண்டில் 100 மெகாவாட் வேண்டும். சோலார்காரர் 60 மெகாவாட்டை 2 ரூபாய்க்கும், அனல் நிலையம் 30-ஐ 4 ரூபாய்க்கும், கேஸ் நிலையம் 30-ஐ 9 ரூபாய்க்கும் தரத் தயார். கடைசிப் பத்துக்கு கேஸ்காரரிடம் போயே ஆகவேண்டும். அந்தத் துண்டில் விற்ற எல்லோருக்கும் யூனிட்டுக்கு 9 ரூபாய், 2 ரூபாய் கேட்ட சோலார்காரருக்கும் அதேதான். நண்பகலில் சோலாரே 100-ஐத் தாண்டினால் விலை 2 ரூபாயில் நின்றுவிடும்.

வெயில் இறங்கியதும் பல நாள் விலை உச்சவரம்பை முட்டும். 2022 ஏப்ரலில் அதை 12 ரூபாயாக வைத்தார்கள், 2023 ஏப்ரலில் 10 ஆக்கினார்கள். உச்சவரம்பு விலையைத்தான் நிறுத்தும், மின்சாரத்தை உண்டாக்காது. பத்து ரூபாய் தரத் தயாராக இருப்பவர்களுக்கும் கேட்டதில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதியை வேறெங்கும் பிடிக்க முடியாத மின்வாரியம் ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைனை நிறுத்தும்.

அப்போ நண்பகல்ல விலை இறங்கினா எங்க பில் ஏன் குறையலை?

நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போவதில்லை. பெரும்பகுதி 25 ஆண்டு மாதிரியான நீண்ட ஒப்பந்தங்களில் இருக்கிறது. அனல் நிலைய ஒப்பந்தம் என்றால், மின்சாரம் எடுக்காத நாளுக்கும் நிலையான கட்டணம் ஒன்றைத் தரவேண்டும். எக்ஸ்சேஞ்சில் மலிவாக வாங்கினாலும் அந்தச் சுமை இறங்காது.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு நிலக்கரி எரியும்?

உள்நாட்டுக் கரி என்றால் சுமார் 600 முதல் 700 கிராம். நம் கரியில் சாம்பல் அதிகம். மழையில் நனைந்தால் வெப்பம் இன்னும் குறையும், அதே யூனிட்டுக்குக் கூடுதலாக எரிக்கவேண்டியிருக்கும்.

அண்ணா, வீட்டில் 500 யூனிட்டை பத்து யூனிட்தான் தாண்டினோம். பில் முந்நூறு ரூபாய் கூடிருச்சு. மீட்டர் கோளாறா?

மீட்டரில் கோளாறு இல்லை தம்பி, ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற மாறும் கட்டணப் படி, செய்யும் வேலை. தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. 510 ஆனதும் 2.25 படியே மறைந்துவிடும்: 101 முதல் 400 வரை 4.50, பிறகு 100-க்கு 6, மேலே உள்ள பத்துக்கு 8. மொத்தம் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! பிறகு விலைகள் ஏறின, ஆனால் வித்தை இதேதான். ஐம்பதாவது நாளில் மீட்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கூரையில் 3 கிலோவாட் சோலார் போடலாம்னு இருக்கேன். மானியம் எவ்வளவு? என்ன கவனிக்கணும்?

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. ஆக 78,000, அதற்கு மேல் இல்லை. நிழல் விழாத கூரையில் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் எதிர்பார்க்கலாம்.

பலரும் ஏமாறும் இடம் வேறு. பேட்டரி இல்லாத சாதாரண இணைப்பில், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் சோலார் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். இன்னொன்று, வரிசையின் கடைசி வீடாக இருந்து சர்வீஸ் ஒயரும் மெல்லியதாக இருந்தால் நண்பகலில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அடிக்கடி டிரிப் ஆகும். பகல் 12 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இன்வெர்ட்டர் திரையில் வோல்டேஜைக் குறித்து வையுங்கள். பகலில் மட்டும் எகிறினால் பேனலைக் குறை சொல்லாமல் ஒயரைத் தடிமனாக மாற்றச் சொல்லுங்கள்.

இனி எப்படி இருக்கும்? தட்டுப்பாடு வருமா?

2024 மே 30 அன்று நாட்டின் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அது பகல் உச்சம், சோலார் கைகொடுத்தது. எனக்குக் கவலை இரவு எட்டு மணிதான். நிறுவுதிறனில், அதாவது கட்டிவைத்த நிலையங்களின் மொத்தத் திறனில், பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதது என்று 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் உற்பத்தியாகும் யூனிட்டில் பெரும்பங்கு இன்னமும் நிலக்கரிதான். பகல் மின்சாரத்தை இரவுக்கு நகர்த்தும் வழி நம்மிடம் பழையதாகவே ஒன்று உண்டு. கோவை மாவட்டக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம், மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. இம்மாதிரி நிலையத்தில் ஏற்ற 100 யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய 75 திரும்பி வரும். நண்பகலில் 2 ரூபாய்க்கு வாங்கி ஏற்றினால், இரவில் திரும்பும் யூனிட்டுக்கு வாங்கிய செலவு 2.70 ரூபாய்க்குள் முடியும். நீலகிரியின் குந்தாவிலும் 500 மெகாவாட்டுக்கு இதே வகை நிலையம் கட்டுகிறார்கள்.