கடை மாதிரி ஒரு மியூசியம்

வணக்கம் சார்,

அலுவலக வேலையாக அடுத்த மாதம் புடாபெஸ்ட் போகிறேன். சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. போன மாதம் நீங்கள் எழுதிய பயணக் குறிப்பில், ஹங்கேரியின் பேச் நகரத்து ஷோல்னாய் பீங்கான் மியூசியத்தில் அரை நாள் இருந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் இந்த மாதிரி மியூசியங்கள் எனக்குப் பிடிபடுவதே இல்லை. ஓவியம் என்றால் அதில் ஒரு கதை இருக்கும், சிலை என்றால் ஒரு முகம் இருக்கும். ஜாடியும் தட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தால் பாத்திரக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. விலைச்சீட்டு மட்டும்தான் இல்லை. அவ்வளவு தூரம் போவது வீணா? போனால் எதைப் பார்ப்பது? அப்புறம், அம்மாவுக்கு அங்கிருந்து ஒன்று வாங்கி வரலாமா?

கா.செ., ஈரோடு

அன்புள்ள கா.செ.,

முதலில் பெயர். 'ஷோல்னாய்' என்று நான் எழுதியதைப் பார்த்து வீட்டிலேயே சிரித்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ஏறக்குறைய 'ஷோல்னொய்' என்று காதில் விழும். இனி அப்படியே எழுதுகிறேன், நாய் போகட்டும்.

பாத்திரக் கடை மாதிரி என்று சொன்னீர்கள். அதில் தப்பே இல்லை, கடைக்காரக் குடும்பத்துச் சரக்குதான் அது. மிக்லோஷ் ஷோல்னொய் பேச் நகரத்தில் வியாபாரி. 1853-இல் பீங்கான் பட்டறை போட்டு மூத்த மகனிடம் கொடுத்தார். இளையவர் வில்மோஷுக்கு ஓவியராக ஆசை. அப்பா விடவில்லை, கடையில் உட்கார வைத்துவிட்டார். அண்ணன் கையில் பட்டறை தள்ளாடியபோது, 1865-இல் தம்பி அதை எடுத்துக்கொண்டார். 1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். ஓவியராக விடாத அப்பாவின் கடையிலிருந்து புறப்பட்டு பதின்மூன்று வருடத்தில் அங்கே போய் நின்றிருக்கிறார். மகள்கள் தெரேஸ், யூலியா இருவரும் வடிவம் வரைந்தவர்கள். கிராமத்துப் பூத்தையல், பாரசீகக் கொடி, துருக்கிப் பூ என்று அந்தத் தட்டுகளில் நீங்கள் பார்ப்பதில் நிறைய அவர்கள் கைவேலை.

மியூசியம் இருப்பது காப்தலான் தெருவில், இரண்டாம் எண் வீட்டில். 1324-ஆம் வருடத்து ஆவணத்திலேயே பேச்சு அடிபடுகிற வீடு. நகரத்திலேயே மிகப் பழைய குடியிருப்பு அதுதான் என்கிறார்கள். கனத்த சுவர், குளுமை. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுங்கள்.

நான் கொடுக்கவில்லை. முதல் தடவை இருபதே நிமிடத்தில் எல்லா அறையையும் சுற்றிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த காவல்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஹங்கேரிய மொழியில் நன்றி சொல்வதைத் தாண்டி எதுவும் வராது. எழுந்து வந்து, முழங்கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப்போனார். ஒரு சின்ன ஜாடி முன்னால் நிறுத்தி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். குனி. குனிந்தேன். பிறகு கையை இடம் வலமாக ஆட்டினார். நகர். நகர்ந்தேன்.

ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஜாடி. நேரே நின்று பார்த்தபோது அழுக்குப் பச்சை. குனிந்ததும் கழுத்துப் பக்கம் செம்பு ஏறியது. அரை அடி இடது பக்கம் நகர்ந்தால் அந்தச் செம்பு ஊதாவாகி, வயிற்றுப் பகுதியில் நீலமாக வழிந்தது. புடவைக் கடையில் மயில்கழுத்துப் பட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மடித்து மடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஆனால் பட்டில் ஊடும் பாவும் இரண்டு நிற நூல். இங்கே நூலும் கிடையாது, சாயமும் கிடையாது.

இதன் பெயர் எயோசின். கிரேக்கர்களின் விடியல் தேவதை எயோஸின் பெயர். முதலில் வந்த நிறம் விடியல் சிவப்பாக இருந்ததால் வைத்த பெயர். வின்சே வார்தா என்ற வேதியியல் பேராசிரியர், இத்தாலியின் குப்பியோ ஊரில் பதினாறாம் நூற்றாண்டில் செய்த மினுக்குச் சிவப்புத் தட்டுகளின் சூட்சுமத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவரும் வில்மோஷும் சேர்ந்ததில் 1890-களின் தொடக்கத்தில் இது பிறந்தது. இந்த வகை மினுக்கின் அடிப்படை வேலை இதுதான்: ஏற்கெனவே சுட்டு மெருகேற்றிய பாத்திரத்தில் செம்பு, வெள்ளி உப்புகளைப் பூசி, குறைந்த சூட்டில் மறுபடியும் சூளையில் வைப்பார்கள். இந்தத் தடவை காற்றை அடைத்துப் புகை மூட்டம் போடுவார்கள். ஆக்சிஜன் கிடைக்காத நெருப்பு, உப்பிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற உலோகம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மெருகின் தோலில் தங்கிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது கரி பிடித்த சட்டி மாதிரி இருக்கும். துடைத்தால்தான் பளபளப்பு வெளியே வரும். வேண்டிய நிறத்தை வேண்டிய இடத்தில் வர வைக்கும் கைப்பக்குவம் தொழிற்சாலையின் ரகசியம்.

அதனால் போட்டோ எடுக்க மெனக்கெடாதீர்கள். நான் எடுத்த நாற்பது படத்திலும் அழுக்குப் பச்சைதான் இருக்கிறது.

இனி உங்கள் 'கதை இல்லையே' என்ற குறை. ஜாடிகளை முடித்துவிட்டுக் கட்டடப் பீங்கான் இருக்கும் பகுதிக்குப் போங்கள். பெரும்பாலானவர்கள் கால் வலித்துத் திரும்பிவிடும் இடம். எனக்கு அதுதான் மியூசியத்தின் பெரிய சொத்து. சாதாரண சுடுமண் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஊர்க் குளிரில் உறிஞ்சிய தண்ணீர் பனியாகி உப்பும், ஓடு வெடிக்கும். வில்மோஷ் 1880-களில் உருவாக்கிய பைரோகிரானிட் என்ற சரக்கு, கடும் சூட்டில் வெந்து இறுகியதால் தண்ணீர் குடிக்காது. அப்புறம் கேட்கவா வேண்டும், கட்டடக் கலைஞர்கள் கூரையிலும் முகப்பிலும் பூவாகக் கொட்டினார்கள். புடாபெஸ்டில் மத்தியாஸ் கோயிலின் வண்ணக் கூரை, நாடாளுமன்றத்தின் அலங்காரம் எல்லாம் இந்தப் பட்டறைச் சரக்கு. இதே தொழிற்சாலை மின்கம்பிக்கான பீங்கான் இன்சுலேட்டரும் செய்தது. அதையும் கொஞ்சம் மரியாதையோடு நினைத்துக்கொள்ளுங்கள், பூ ஜாடி மட்டும் விற்று இவ்வளவு பெரிய பட்டறை ஓடியிருக்காது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஒடோன் லெக்னர் என்ற கட்டடக் கலைஞரும் வில்மோஷும் 1889-இல் லண்டன் போய் சவுத் கென்சிங்டன் மியூசியத்தில் இந்திய, பாரசீகப் பொருட்களைப் பார்த்து வந்தார்கள். அதற்குப் பிறகு லெக்னர் கட்டியதுதான் 1896-இல் திறந்த புடாபெஸ்ட் அலங்காரக் கலை மியூசியம். வெளியே ஷோல்னொய் ஓடு, உள்ளே முகலாய வளைவுகள். சீரமைப்புக்காக 2017-இல் மூடினார்கள், திறந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மூடியிருந்தாலும் எதிர்ச் சாரியில் நின்று கூரையைப் பார்க்க யாரும் காசு கேட்கமாட்டார்கள். அதே லெக்னரின் அஞ்சல் சேமிப்பு வங்கிக் கட்டடத்தில் பீங்கான் தேனீக்கள் சுவரோரம் வரிசையாக ஏறி, உச்சியில் இருக்கும் கூட்டுக்குப் போகும். சேமிப்பு வங்கி அல்லவா!

ஆக, வீணில்லை. புடாபெஸ்டிலிருந்து பேச் நகரத்துக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலையில் கிளம்புங்கள். சேச்செனி சதுக்கத்தின் கீழ்முனையில் நான்கு மாட்டுத் தலைகள் உள்ள நீரூற்று இருக்கும், 1930-இல் வைத்தது. மாட்டின் வாயிலிருந்து தண்ணீர் விழும், முகம் முழுக்க எயோசின். கண்ணாடிப் பெட்டி இல்லாமல் பார்க்கலாம். அதைச் சுற்றி ஒரு நடை நடந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பள்ளிவாசலாக இருந்து மாதாகோயிலான பெரிய கட்டடத்தைத் தாண்டி மேலே ஏறினால் காப்தலான் தெரு.

அம்மாவுக்குத் தாராளமாக வாங்குங்கள். சின்னதாக எடுங்கள், விலை கையைக் கடிக்கும். அடியைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து கோபுர முத்திரை இருக்க வேண்டும். பேச் நகரத்துக்கு ஜெர்மன் மொழியில் 'ஐந்து கோயில்' என்று பெயர், முத்திரை அதிலிருந்து வந்தது. ஊருக்கு வந்ததும் ஒன்று மட்டும் மறக்காமல் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: மங்கலாகத் தெரிகிறதே என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்.