ஹேமக்கில் (இரு மரங்களுக்கு இடையே கட்டும் துணித் தொட்டிலில்) முதுகு மட்டும் குளிர்கிறதா?

உங்கள் ஸ்லீப்பிங் பேக்கில் (பஞ்சு வைத்த உறக்கப் பையில்) குறையில்லை. முதுகுக்கு அடியில் தடுப்பு இல்லாததுதான் குறை. 5 டிகிரி வரை தாங்கும் பை இருந்தும் 10 டிகிரியிலேயே முதுகு விறைத்துப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சூட்டைப் பிடித்துவைப்பது பஞ்சுக்கு இடையே நிற்கும் காற்று. உங்கள் எடையில் அது நசுங்கிவிட, மெல்லிய துணிக்கு அடியில் வீசும் காற்று உடல் சூட்டை இரவு முழுவதும் வாரிக்கொண்டு போகிறது.

சோதிக்க, பைக்கு அடியில் ஒரு நுரைப் பாயை வைத்து, சற்றுக் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். பாய் நழுவிக்கொண்டே இருக்கும், எரிச்சல்தான்; ஆனாலும் முதுகு சூடாகிவிட்டால் காரணம் உறுதியாகிவிடும். தோள் மட்டும் குளிர்ந்தால் பாயின் அகலம் போதவில்லை.

நிரந்தரத் தீர்வு, ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் அண்டர்குவில்ட் என்ற பஞ்சுப் போர்வை. ஹேமக்குக்கும் அதற்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விட்டால் அது பயன்படாது. இழுத்துக் கட்டினாலோ பஞ்சு மீண்டும் நசுங்கும்.