திருகாணிப் பெட்டி: இரண்டு இலட்சமும் ஒரு பழைய ஐ7உம்

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் இருக்கிறேன். கனடா மாமா கொம்பியூட்டர் வாங்க இரண்டு இலட்சம் தந்திருக்கிறார். 1080பி மொனிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கடையில் ஐ7 புரொசசர், 16 ஜிபி ரம், 4 ஜிபி கிராபிக்ஸ் காட், நிறம் மாறும் லைட்டுகள் எல்லாம் சேர்த்து ‘ஃபுல் கேமிங் செட்’ என்று காட்டினார்கள். காசும் மிஞ்சுகிறது. வலோரண்ட், ஜிடிஏ 5, போகப்போகப் புதிய கேம்களும் விளையாட ஆசை. அதை எடுக்கவா, நானே சாமான் வாங்கிப் பூட்டவா?
*– உப்புவெளித் தம்பி*

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐ7 என்பதற்குப் பக்கத்தில் 4770 என்று இருக்கிறது. முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் ஜெனரேஷன். 2013இல் வந்தது. அப்போது நீங்கள் தரம் இரண்டில் இருந்திருப்பீர்கள். 2022இல் வந்த ஐ3 12100எஃப் இதை நன்றாகவே முந்தும். விண்டோஸ் 11 இந்தப் புரொசசரை ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அந்த 4 ஜிபி காட் ஜிடி 730, மெமரி பெரிது, வேகம் இல்லை. மொட்டைமாடியில் பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்துவிட்டு, கீழே பேனைக் குழாய் பூட்டியது மாதிரி. தாங்கியின் அளவைச் சொல்லித்தான் விற்பார்கள். லைட்டுகள் மட்டும் புதுசு. எடுக்காதீர்கள்.

நீங்களே பூட்டுங்கள். விலைகளை நான் எழுதமாட்டேன், இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். பங்காகச் சொல்கிறேன். இரண்டு இலட்சத்தைப் பத்துக் கூறாக்குங்கள். மூன்றரைக் கூறு கிராபிக்ஸ் காட்டுக்கு. புரொசசரும் மதர்போட்டும் சேர்த்து மூன்று. ரம்மும் எஸ்எஸ்டியும் இரண்டு. பவர் சப்ளைக்கு ஒன்று. மிஞ்சும் அரைக்கூறுதான் கேசுக்கு. கண்ணாடிப் பெட்டி ஆசையை மாமாவின் அடுத்த வருகைக்கு ஒத்திவையுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால் இப்படிச் சொல்வேன். புரொசசர் ரைசன் 5 5600. ஆறு கோர், கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். மதர்போட் பி450 அல்லது பி550. பி450 என்றால், “5600க்கு பயோஸ் அப்டேட் செய்து தாங்கோ” என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். பயோஸ் என்பது மதர்போட்டை எழுப்பிவிடும் மென்பொருள். பழைய பயோஸ் இந்தப் புரொசசரைக் கண்டுகொள்ளாது, வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். கிராபிக்ஸுக்கு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600. 1080பி மொனிட்டருக்கு அது தாராளம்.

ரம் (அம்மா பக்கத்தில் இருக்கும்போது ‘ராம்’ என்று சொல்லுங்கள், வீண் விசாரணை வராது) எட்டு எட்டாக இரண்டு துண்டு எடுங்கள். 16இல் ஒரே துண்டு மலிவாக வந்தாலும் வேண்டாம். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதையிலும் ஓடும், கேமில் அந்த வித்தியாசம் தெரியும். 2025இன் கடைசி மாதங்களிலிருந்து ரம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன, நாங்கள் மிச்சத்துக்கு அடிபடுகிறோம். பாவித்த சாமானில் நான் பயப்படாமல் வாங்குவது ரம் ஒன்றுதான். அநேகமாக ஒன்றில் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. கடையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

அப்படியும் கணக்கு உதைத்தால் 5600ஐ விட்டு 5600ஜி எடுங்கள். அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வலோரண்ட் வசதியாக ஓடும். காட்டை ஆறு மாதம் கழித்துப் பூட்டலாம். 5600ஐ விட அதில் கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) பாதிதான், கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். பரவாயில்லை.

சரி, இனி பவர் சப்ளை. இதில் நான் பட்டிருக்கிறேன். கேசோடு இலவசமாக வந்த ஒன்று, வெளியே கொட்டை எழுத்தில் 500 வொட். கையில் தூக்கினால் கச்சான் பொட்டலம் மாதிரி இலேசு. அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் ‘டப்’ என்றது. மீன் கருகினது போல ஒரு நாற்றம். போனது பவர் சப்ளை மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மதர்போட்டையும், மருமகளின் பூப்புனித நீராட்டுப் படங்கள் இருந்த ஹாட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்தப் படங்களைப் பற்றி அக்கா இன்றைக்கும் கேட்பா.

ஆகவே பெட்டியின் பக்கத்திலுள்ள அட்டவணையைப் பாருங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வொட்தான், வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் சரிதான். உங்கள் செட் கேம் ஓடும்போது ஏறக்குறைய 250 வொட் இழுக்கும். 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரையோடு, 12 வோல்ட் கணக்கும் பொருந்தி வரும் நல்ல 550 ஒன்று போதும். ஆயிரம் வொட் என்று கடைக்காரர் ஆசை காட்டினாலும் மயங்க வேண்டாம்.

பூட்டும்போது மேசையில், மதர்போட் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து வேலையைத் தொடங்குங்கள். நெற்றியில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எங்கள் திருகோணமலை மே மாதத்தில் குனிந்து வேலை செய்தால் வியர்வைத் துளி நேராக சொக்கெட்டுக்குள் விழும். நான் சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பூட்டியவன். புரொசசரின் ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம் இருக்கும், சொக்கெட்டிலும் ஒன்று இருக்கும். இரண்டையும் நேர் பார்த்து, விடுங்கள். அமத்தாதீர்கள், தானாக உட்காரும். இதன் அடியில் இருப்பது தலைமயிர் போன்ற பின்கள், ஒன்று வளைந்தாலும் ஊசியை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க நிமிர்த்த வேண்டும்.

கூலருக்கு மதர்போட்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றுங்கள், பின்பக்கத் தகட்டை மட்டும் விழாமல் கையால் பிடியுங்கள். கூலரின் அடியில் சாம்பல் நிறப் பசை ஏற்கெனவே பூசியிருக்கும், விரல் படக்கூடாது. நான்கு ஸ்குரூவையும் மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுக்க இறுக்கினால் மற்றப் பக்கம் தூக்கிக்கொள்ளும். ரம் துண்டுகளைப் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.

கேசுக்குள் இறக்கமுன் பித்தளைக் கால்களைப் பூட்ட மறக்காதீர்கள். மதர்போட்டின் முதுகு நேரே தகட்டில் பட்டால் ஷோட் ஆகும். முதல் தடவை பயோசுக்குள் போய் எக்ஸ்எம்பியையோ டிஓசிபியையோ போடுங்கள். போடாவிட்டால் காசு கொடுத்த 3200 ரம், 2400, 2666 என்று நொண்டிக்கொண்டு ஓடும்.

கொழும்பில் பாவித்த கிராபிக்ஸ் காட் மலிவாம். ஆர்எக்ஸ் 580 ஒன்று பேசிவைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*– தம்பலகாமம் வாசகர்*

முதலில், ஆளைப் பாருங்கள். “மெஷினில் போட்டுக் காட்ட வசதியில்லை, நல்ல காட் தம்பி” என்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

இரவு ரயிலில் போனால் விடிய கொழும்புக் கோட்டை. அங்கிருந்து கரையோர ரயிலில் பம்பலப்பிட்டி. யுனிட்டி பிளாசாக் கடைகள் திறக்கும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளேன்டீ குடிக்கலாம் (எங்கள் கடல் மாதிரி வராது). ஒரு பென் டிரைவில் காட்டின் விபரம் காட்டும் ஜிபியு-இசட், காட்டை முழுமூச்சாக ஓடவைத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் இரண்டையும் கொண்டுபோங்கள். ஜிபியு-இசட்டில் ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அசல் 580 என்றால் 2304. பெட்டியில் 580 என்று எழுதி 2048 உள்ள ஒன்றும் சந்தையில் உண்டு. அது கள்ளச் சாமான் இல்லை, ஆனால் விலை குறைய வேண்டும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் வைத்த காட்டுகளும் வரும், அவற்றையும் ஜிபியு-இசட் அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு ஃபர்மார்க்கை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளி, கோடு, சதுரம் ஏதாவது தெறித்தால் வேண்டாம். காதைக் கிட்டக் கொண்டுபோங்கள், ஃபேன் கரகரத்தால் விலையைக் குறையுங்கள். இதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் காட்டுகளை ஓடவிட்டு டிஜிட்டல் நாணயம் எடுக்கும் வேலை) 2022 செப்டெம்பரில் நின்றது, அதற்கு முந்திய காட்டுகளில் பலதும் இரவு பகலாக உழைத்தவை. உழைத்த காட் எல்லாம் செத்த காட் இல்லை. ஆனால் தகடு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, திருகாணித் தலைகள் தேய்ந்திருக்கின்றன என்றால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 580, 185 வொட் இழுக்கும். 6600க்கு 132 போதும், வேகமும் கூட. கொஞ்சம் காசு சேர்த்துப் போனால் ரயில் கூலி வீண்போகாது.

என் மகனும் கேமிங் கொம்பியூட்டர் கேட்டு அழுகிறான். கரண்ட் பில் எவ்வளவு கூடும்? கரண்ட் அடிக்கடி போய் வரும், யூபிஎஸ் கட்டாயமா?
*– கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்*

சகோதரி, மொனிட்டரோடு சேர்த்து 300 வொட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று மணித்தியாலம் விளையாடினால் 0.9 அலகு. மாதம் 27 அலகு. தனியாகப் பார்த்தால் பெரிதில்லை. எங்கள் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், இந்த 27 உங்களை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா என்று போன மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

யூபிஎஸ் எடுங்கள். சின்ன 650 விஏ போதும். கரண்ட் போனால் கேமை முடித்து ஒழுங்காக நிறுத்துவதற்கு மட்டும்தான் அது, விளையாடிக்கொண்டே இருப்பதற்கு இல்லை என்று மகனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று. கேசின் தகட்டில் கை படும்போது எறும்பு ஊருவது மாதிரி விறுவிறுத்தால் வீட்டில் ஏர்த் சரியில்லை. கொம்பியூட்டரை என் கடைக்குக் கொண்டுவர வேண்டாம், வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. போன கொம்பியூட்டர் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துப் போனது. புதுசையும் அப்படி விடவா?
*– நிலாவெளி*

உங்கள் பக்கத்து மெஷின் ஒன்று போன மாதம் என் மேசைக்கு வந்தது. பின்பக்க ஸ்குரூவைத் திருப்பினேன், தலை மட்டும் கையோடு வந்தது. உள்ளே பித்தளைக் கால்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. யூஎஸ்பி ஓட்டைகளின் விளிம்பு, பழைய செப்புக் குடம் மாதிரிப் பச்சை. ஆள் அதைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தாராம், “காற்றோட்டமாக இருக்கட்டும்” என்று. ஃபேன் மூன்று, அத்தனையும் உப்புக் காற்றை உள்ளே இழுக்கின்றன!

கடலுக்கு முதுகு காட்டும் அறையில் வையுங்கள். பின்னேரக் கடற்காற்று நேரத்தில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். மாரியில் விளையாடாவிட்டாலும் நாளுக்கு அரை மணித்தியாலம் போட்டு வையுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. வாரக்கணக்கில் மூடிப்போட்டு வைப்பதுதான் கூடாத வேலை. துடைக்க ஈரத்துணி வேண்டாம், காய்ந்த பெயின்ட் பிரஷ் நல்லது. ஒரு நாள் திடீரென்று ஸ்டார்ட் ஆகாவிட்டால் கரண்டைக் கழற்றிவிட்டு, ரம்மை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பூட்டுங்கள். பாதிப் பேர் அதோடு என் கடைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாம் பூட்டியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. 5600உம் 6600உம்.
*– சாம்பல்தீவு*

எச்டிஎம்ஐ வயரை மதர்போட்டில் செருகியிருக்கிறீர்கள். கொஞ்சம் கீழே இறக்கி, கிராபிக்ஸ் காட்டில் செருகுங்கள். அதுவுமில்லை என்றால் காட்டுக்குப் போகும் எட்டுப் பின் வயரைப் பாருங்கள்.

புதுசு வாங்கினால் பிங் குறையுமா?
*– மூதூர்*

குறையாது. பிங் என்பது கேம் சேர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம். வைஃபையை விட்டுக் கேபிள் இழுங்கள், கேமில் மும்பாய் சேர்வரைத் தெரிவு செய்து பாருங்கள்.

சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன். அம்மா ஏசுகிறா. எறியலாமா?
*– டவுன் வாசகர்*

வொரண்டி முடியும்வரை வேண்டாம். பில்லைப் படமெடுத்து வையுங்கள், மை ஒரு வருடத்தில் மங்கிவிடும். பெட்டி இல்லாமல் சாமானைத் திருப்பி எடுக்கச் சில கடைகள் முரண்டு பிடிக்கும். அம்மாவுக்காக வாசலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மதர்போட் பெட்டி ஒன்றை நான் பத்து நிமிடம்தான் வெளியே வைத்தேன். எங்கள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று நின்று மென்றுகொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தால், சீரியல் நம்பர் ஒட்டியிருந்த மூலையைத்தான் முதலில் தின்றிருக்கிறது.