ஸ்னைப்பர் ஆகத் துடிக்கும் மகளுக்குக் கல்லூரி எதற்கு?

அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள், இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவத்தின் பெண் ஸ்னைப்பராக (மறைந்திருந்து தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்) இருந்த லூட்மிலா பாவ்லிசென்கோவைப் பற்றிப் படித்துவிட்டு, "நானும் ஸ்னைப்பர் ஆகிறேன், காலேஜ் வேண்டாம்" என்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். அவளோடு சண்டை போடாதீர்கள். 309 பேரைச் சுட்ட கதையோடு நின்றுவிட்டாள் போலிருக்கிறது. மீதியையும் படிக்கச் சொல்லுங்கள்.

1916இல் உக்ரைனில் பிறந்த லூட்மிலா, கீவ் நகர ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே துப்பாக்கி சுடப் பழகினார். பிறகு கீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தபோது பட்டம் முடியவில்லை. ராணுவத்தில் சேரப் போனவரை நர்ஸாகப் போகச் சொன்னார்கள். விடாப்பிடியாக நின்று ரைபிள் வாங்கினார். அந்த 309 சோவியத் அரசின் கணக்கு. ஒடெசா, செவஸ்தோபோல் நகரங்களுக்காக நடந்த சண்டைகளில் ஒரு வருடத்துக்குள் நடந்தது. அதே செவஸ்தோபோலில்தான் கணவரை இழந்தார். 1942 ஜூனில் குண்டுச் சிதறல் முகத்தில் பாய, போர்முனை வாழ்க்கை முடிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே நிருபர்கள் அவருடைய மேக்கப்பையும் பாவாடை நீளத்தையும் பற்றிக் கேட்டார்களாம்! அப்புறம் மற்ற ஸ்னைப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்ததும் பாதியில் விட்ட பட்டத்தை முடித்தார். கடற்படைத் தலைமையகத்தில் ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. போருக்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது அந்தப் படிப்புதான் என்பது என் கட்சி.

சரி, உங்கள் மகள் விஷயம். நம் ராணுவத்தில் ஸ்னைப்பர் வேலைக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. காலாட்படையில் இருப்பவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அந்தக் காலாட்படையில் பெண்களுக்கு இன்னும் இடமில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாந்து நிற்கக் கூடாது.

அதிகாரியாகப் போக வழி இருக்கிறது. 2022 முதல் என்.டி.ஏ.வில் (தேசியப் பாதுகாப்பு அகாடமி) பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே தேர்வு எழுதலாம். அது தவறினால் பட்டம் முடித்து சி.டி.எஸ். (பட்டதாரிகளுக்கான ராணுவ அதிகாரி) தேர்வு எழுதி, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்துக்குப் போகலாம். என்.சி.சி.யின் (தேசிய மாணவர் படை) உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழோடு பட்டமும் வாங்கினால் தனி வழியே உண்டு, எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகள் தேர்வு வாரியம்) நேர்காணல்தான். என்.சி.சி.யில் துப்பாக்கி சுடவும் கற்றுத் தருவார்கள், அவள் ஆசையும் தீரும்.

அதனால் கல்லூரி தேடும்போது பெண்களுக்கான என்.சி.சி. பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முதல் வருடமே சேர்ந்துவிட வேண்டும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் சேர்ந்தால் 'சி' சான்றிதழுக்கு வருடம் போதாது.