மலையாளப் பள்ளியில் படிக்கும் மகளுக்குத் தமிழ் வாசிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் பாலக்காட்டுப் பக்கம். மகளுக்கு 9 வயது, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ்ப் பேச்சு. நல்ல தமிழ்ப் புத்தகம் எது, வாசிப்பு எப்படி வரும், தனக்குமே நாலு பக்கத்துக்கு மேல் ஓடமாட்டேன் என்கிறதே என்று கேட்டிருக்கிறார். வந்த பதில்களில் பாதி, பட்டியல். மீதி, "முதலில் பிள்ளையைத் தமிழ் மீடியத்தில் சேருங்கள்" என்ற புத்திமதி. அந்தப் புத்திமதியைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நாளைக்கு இங்கே கேரளத்தில் அரசு வேலைக்கு பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போகிற பிள்ளை மலையாளம் படிக்காமல் என்ன செய்யும்? இதெல்லாம் யோசிக்காமலா பெற்றவர்கள் சேர்த்திருப்பார்கள்?

நான் ஆசிரியர் இல்லை, அதே பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

என் மகளும் மலையாளப் பள்ளிதான். தமிழ் எழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய வேலையாக இல்லை. ஒரு லிபி கைவந்த பிள்ளை இன்னொன்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கொம்பை முன்னால் போட்டு வாசிப்பது இரண்டிலும் ஒன்றுதான். சிக்கல் அதற்கப்புறம் வந்தது. மலையாளத்தில் க வரிசைக்கு மட்டும் நான்கு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. தமிழில் ஒரே க. 'கல்'லில் ஒரு மாதிரி, 'தங்க'த்தில் ஒரு மாதிரி, 'பக'லில் இன்னொரு மாதிரி. "அப்பா, இது எந்த க?" என்பாள். ந, ன தொல்லை வேறு. மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து காய்கறிப் படப் புத்தகம் ஒன்றைப் பார்த்து "பா... கற்... காய்" என்று முக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு க-வையும் ஒரே அழுத்தமாக அழுத்தினாள். பக்கத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாயி, அதாவது என் மாமியார் (எனக்கு அத்தை), "பாவக்கா, கண்ணு! அதுக்கு எதுக்கு இத்தன எழுத்து?" என்றார். பிள்ளை சிரித்துவிட்டாள். அப்புறம் அதே வார்த்தையைச் சரியாக வாசித்தாள்.

அத்தைக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. 1991 ஏப்ரலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாகக் கோழிக்கோட்டில் அறிவித்தபோது அவர் களத்தில் கடலை பறித்துக்கொண்டிருந்திருப்பார். ஆனால் வாயில் தமிழ் கொட்டும். பேத்திக்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. பாட்டிக்குச் சொல் தெரியும், எழுத்து தெரியாது. இருவரையும் ஒரே புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். பேத்தி விரல் வைத்துக் கூட்டிச் சொல்வாள், வார்த்தை எங்கே போகிறது என்று பாட்டி எடுத்துக்கொடுப்பார். தப்பாக எடுத்துக்கொடுத்தால் பிள்ளை விடமாட்டாள், "இல்ல அம்மாயி, கடைசியில ள் இருக்குது பாரு" என்று பக்கத்தையே முகத்துக்கு நேரே நீட்டுவாள். பார்த்துப் பார்த்து அத்தைக்கே எழுத்து பிடிபட்டுவிட்டது. இப்போது கடைக்கு வரும் தினத்தந்தியில் கொட்டை எழுத்துத் தலைப்புகளை உதடு அசைத்து வாசிக்கிறார். அந்தப் பேப்பரின் சின்னச் சின்ன வாக்கியங்களைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. டீக்கடையில் அதை எழுத்துக் கூட்டித்தான் எத்தனையோ பேர் வாசிக்கவே கற்றுக்கொண்டார்கள்.

"இந்த வயதில் எதற்கு" என்பவர்களுக்கு ஆலப்புழை கார்த்தியாயினி அம்மாவை நினைவூட்டுகிறேன். 2018-இல் 96 வயதில் கேரள எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். வயதைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு பக்கத்தை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு வேண்டாம், நீங்கள் வாசித்துக் காட்டலாம். 9 வயதுப் பிள்ளைக்கு 5 வயதுப் புத்தகமா என்று வெட்கப்பட வேண்டாம், எழுத்தில் அவளுக்கு இப்போது அந்த வயதுதான். காசில்லாமல் தொடங்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. கதைகளை வாசிப்புப் படிநிலை வாரியாக நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. முதலில் மலையாளத்தில் வாசிக்கவிட்டு, கதை தெரிந்த பிறகு தமிழைக் கையில் கொடுங்கள். எங்களுக்கு இது பலித்தது. போனில் வேண்டாம், பிரிண்ட் எடுத்து நூல் கோத்துவிடுங்கள். விலைக்கு என்றால் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள், நேஷனல் புக் டிரஸ்டின் குறைந்த விலைப் புத்தகங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் யாராவது சொந்தத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஜூலையில் கோவை கொடிசியா புத்தகத் திருவிழாவுக்கு அவளையே கூட்டிப்போய் அவளையே எடுக்க விடுங்கள். காமிக்ஸை எடுத்தாலும் பிடுங்காதீர்கள்.

நூலகம் என்று எழுத நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ஊருக்கு ஊர் வாசகசாலை வைத்திருக்கும் மாநிலம் இது. 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை (நூலக) இயக்கம், அவர் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாள், பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் போய்வரும் வாசகசாலையில் தமிழுக்கு ஓர் அலமாரி, அதற்கொரு பூட்டு, அதன் மேல் கைப்பந்துக் கோப்பைகள். சாவி யாரிடம் என்றால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். வாசிப்பு நாளன்று மட்டும் என்னிடம் நன்கொடைக்கு வரத் தெரிகிறது. இந்தப் பக்கம் தமிழ் பேசும் நம்மைப் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொல்வார்கள். கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போனால், "உங்க தமிழே மலையாளமாட்டம் இருக்குதே" என்று அங்கே ஓர் இளிப்பு. நான் பேசுவது என் தாத்தா பேசியதுதான். கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் சொந்த வாசிப்புக்கு: வேக வாசிப்பு வகுப்பு என்று பணம் கட்டிவிடாதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரே உட்காரலில் முடிகிற சிறுகதையாகப் பார்த்து எடுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடுங்கள், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். இன்னும் எளிய வழி, மகளுக்கு வாசித்துக் காட்டுவது. சத்தமாக வாசிக்கும்போது கவனம் ஓடுவதும் குறையலாம்.

தமிழ் வாசித்தால் மலையாளம் கெட்டுவிடும் என்று பள்ளியில் யாராவது சொல்வார்கள். என் மகளிடமும் சொன்னார்கள். மலையாளத்தில் மதிப்பெண் குறையவில்லை. அவள் ஆங்கில வாசிப்பை என் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள், அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.