1938இல் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட சீலகாந்த் மீனிலிருந்துதான் நான்கு கால் விலங்குகள் வந்தனவா?

இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் ஏதோ எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் போல, கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. ஒரு வார்த்தையில் விட்டுவிடலாம்தான். ஆனால் டர்பனில் காலமெல்லாம் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவளிடம் இதைக் கேட்டால் அத்தோடு விடமாட்டேன்.

நான் படித்த காலத்தில் வெள்ளை அரசாங்கத்தின் பாடத்திட்டத்தில் பரிணாமம் என்ற பேச்சே கிடையாது. 2008இல்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தது. வந்த புதிதில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பள்ளிக்குப் பணம் சேர்க்கப் பிரியாணி விற்ற ஒரு நாள், ஒரு மாணவனின் அப்பா தட்டும் கையுமாக என் முன்னால் வந்து நின்றார். "மேம், எங்க தாத்தாவுக்குத் தாத்தா மெட்ராஸ்ல கப்பலேறி வந்தவர். மீன்லேருந்து வந்தவர் இல்லை" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அவர் தட்டிலேயே பதில் இருந்தது. கோழி இறக்கையை எடுக்கச் சொன்னேன். தோள்பக்கம் ஒரே எலும்பு, அதற்கடுத்து இரண்டு, அப்புறம் நுனியில் பொடிப்பொடியாய்ச் சில. அவர் கையும் அப்படித்தான். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்து 2006இல் அறிவிக்கப்பட்ட டிக்டாலிக் என்ற மீனின் துடுப்புக்குள்ளும் அதே ஒன்று, இரண்டு, பொடி. அதன் வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகா என்ற பழங்கால நான்கு கால் விலங்குக்குக் கையில் எட்டு விரல், ஆனால் உள்ளே செவுளும் இருந்தது. அதாவது கால் முளைத்தது தண்ணீருக்குள்ளேயே, கரையேற்றம் அப்புறம். மனிதர் இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி மேம், ஆனா நான் ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு அதைக் கடித்தார்.

இனி உங்கள் சீலகாந்த். எங்கள் நாட்டுத் துறைமுக ஊரான ஈஸ்ட் லண்டனில் அருங்காட்சியகக் காப்பாளர் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர் அதைக் கண்டெடுத்ததும், மீன் ஆய்வாளர் ஜே. எல். பி. ஸ்மித் பெயர் வைத்ததும் எங்களுக்குப் பெருமைதான். சதைப்பிடிப்பான துடுப்புள்ள மீன் என்பதால் நமக்கு உறவு, அவ்வளவே. இன்று உயிரோடிருக்கும் மீன்களில் நமக்கு இன்னும் நெருக்கமானது நுரையீரல் மீன். 2013இல் வந்த சீலகாந்த் மரபணு ஆய்வும் அதையே சொன்னது.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், எல்லோருக்கும் அந்த 1938 மீன் தெரிகிறது, பக்கத்திலுள்ள மக்காண்டா ஊர் தெரியவில்லை. அப்போது அதன் பெயர் கிரஹாம்ஸ்டவுன். 1980களில் அங்கே புறவழிச்சாலைக்காக மலையை வெட்டியபோது வாட்டர்லூ ஃபார்ம் என்ற இடத்தில் கறுப்புக் களிப்பாறை வெளிப்பட்டது. அதிலிருந்து ராபர்ட் கெஸ் எடுத்த எலும்புகளை வைத்து 2018இல் இரண்டு நான்கு கால் விலங்குகளுக்குப் பெயரிட்டார்கள்: டுட்டுசியஸ், உம்சான்ட்சியா. முன்னது பேராயர் டுட்டுவின் பெயர். 36 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் தென்துருவ வட்டத்துக்குள் இருந்தது. அதுவரை கிடைத்த அந்தக் காலத்து நான்கு கால் விலங்குகள் எல்லாம் வெப்பப் பகுதியைச் சேர்ந்தவை. அதே பாறையில் செரெனிக்திஸ் என்ற சீலகாந்த் குஞ்சுகளும் கிடைத்தன. ஒரே ஊரில், ஒரே காலத்தில், பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் போல. ஒருவர் மற்றவருக்குத் தாத்தா ஆவது எப்படி?

போலந்துப் பாறையில் கிடைத்த, நான்கு கால் விலங்கினுடையவை என்று சொல்லப்படும் காலடித் தடங்களை ஏன் விட்டாய் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: தெரியும். டிக்டாலிக்கை விடப் பழையவை, 2010இல் வெளியானவை. ஆனால் தடம் யாருடையது என்ற சண்டை ஓயவில்லை. நான் ஆராய்ச்சியாளர் அல்ல, டீச்சர்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து தமிழா, யார் எழுதிக்கொடுத்தது என்று போன பதிலில் ஒருவர் கேட்டிருந்தார். என் அப்பா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு எடுத்தார், அங்கே கற்றது. இப்போது அந்த மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வகுப்பு எங்கே நடத்துவது என்று கமிட்டியைக் கேட்டால் பதில் இல்லை.

பிள்ளையை "உறவு, மூதாதை அல்ல" என்றே எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் அடித்துவிட்டால் செரெனிக்திஸ் பெயரைச் சொல்லி மார்க் கேட்கட்டும்.